மோட்டார் வண்டியும் மின்வடமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவருள் மோட்டார் வண்டி ஓட்டக் கற்றோர் பலர். அதனைப் பேணக் கற்றோர் சிலரே. ஆகையால், பாட்டரியின் கேபிள்களை வீட்டிலேயே அபாயமின்றி மாற்றும் வகை குறித்துச் சில வார்த்தைகள் கூற முன்வந்தோம்.

காலையில் வண்டி கிளம்பாவிடில் புதிய பாட்டரி வாங்க ஓடுகிறோம். குற்றம் பல சமயங்களில் பாட்டரியினுடையதன்று. வடத்தின் முனையில் பூத்த உப்பும், உள்ளே அற்றுப்போன இழைகளுமே காரணமாம். இதனை அறிய எளிய சோதனை உண்டு. ஒருவர் வண்டியைக் கிளப்புகையில், மற்றொருவர் பிளஸ் வடத்தின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் வடத்தினுடையதே.

இனி எமது பிழையைச் சொல்லுவோம். சில ஆண்டுகளுக்கு முன், யாதொன்றும் விசாரியாமல் பிளஸ் முனையை முதலில் கழற்றப் புகுந்தோம். ஸ்பேனரைப் பிடித்த விரலில், மாமனார் விவாகத்தன்று அணிவித்த மோதிரம் இருந்தது. அது ஒருபுறம் ஸ்பேனரையும் மறுபுறம் வண்டியின் இரும்பையும் தீண்டியது. கண்ணிமைக்கும் பொழுதில் பொன் பழுக்கக் காய்ந்து தசையைச் சுட்டது. அத்தழும்பு இன்றும் உளது.

12 வோல்ட் மின்சாரம் உடலை உலுக்காதென்பது மெய்யே. ஆயினும், உலோகம் குறுக்கிட்டால் பல நூறு ஆம்பியர் பாயும். வண்டியின் உடல் முழுதும் மைனஸ் முனையுடன் பிணைக்கப்பட்டிருத்தலால், மைனஸ் வடத்தை முதலில் கழற்றிவிட்டால் பின்பு பிளஸ் முனையைக் கழற்றுகையில் ஸ்பேனர் வண்டியின் இரும்பைத் தீண்டினும் கேடில்லை. மாட்டும்போது மைனஸ் கடைசி. கழற்றுவதில் முதல், மாட்டுவதில் கடை: இதுவே இப்பேச்சின் சாரம். 1960-களுக்கு முற்பட்ட பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ் முனையே உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. அவற்றில் பிளஸ்ஸை முதலில் கழற்றல் வேண்டும்.

மோதிரம், வளையல், கடிகாரம், சங்கிலி யாவற்றையும் களைக. இஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுக. பாட்டரியினின்று ஹைடிரஜன் வாயு எழும். அது காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். ஆதலால் அருகில் பீடியும் விளக்கும் ஆகா. உள்ளிருப்பது கந்தக அமிலம். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிக. கண்ணில் தெறித்தால், 15 நிமிஷமேனும் சுத்த நீரால் இடைவிடாது கழுவி வைத்தியரை நாடுக.

முனைகளில் பூத்த உப்பை ஆப்பசோடா கரைத்த நீரால் தேய்த்துக் கழுவித் துடைக்க. அந்நீர் பாட்டரியின் உள்ளே புகலாகாது. புதிய வடம் பழையதற்குச் சமமான கனமும் நீளமும் உடையதாயிருத்தல் அவசியம். மெலிந்த வடம் சூடேறி உருகும். பழையது சென்ற வழியே செலுத்தி, புகைக்குழாயிலும் விசிறியிலும் படாமல் கட்டுக. முனைகளை இறுக்கியபின் வாசலைன் பூசுக. ஹைபிரிட், மின்சார வண்டிகளிலுள்ள ஆரஞ்சு நிற வடங்களை மட்டும் கனவிலும் தொடற்க. அவை உயிர் கொல்லுவன.

இளைஞர்களே! தெரியாததைக் கேட்டறிதல் இழுக்கன்று. யாம் அன்று ஒருவரைக் கேட்டிருப்பின் இத்தழும்பு இராது. நும் விரல்களேனும் பழுதின்றி விளங்குக என வாழ்த்துகின்றோம்.