மலை பிரித்ததா, மனிதர் பிரித்தனரா? டைரோல் நாடும் மூன்று மொழிகளும்



மலையும் ஆறும் மொழிகளுக்கு எல்லை வகுக்கின்றன என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மாணவனாக இருந்த காலத்தில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைத் திருத்தியது, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் நடுவே அமைந்த டைரோல் நாட்டின் வரலாறு. இன்று அதன் வடபகுதி ஆஸ்திரியாவிலும் தென்பகுதி இத்தாலியிலும் உள்ளன. இரண்டுக்கும் இடையே உள்ளது 1,370 மீட்டர் உயரமுடைய பிரென்னர் கணவாய்.

கணவாயின் வடபுறம் பெய்யும் மழைநீர் இன் ஆற்றைச் சேர்ந்து, டான்யூப் வழியாகக் கருங்கடலை அடைகிறது. தென்புறம் பெய்வது ஐசாக், அடிஜே ஆறுகளின் வழியாக ஏட்ரியாட்டிக் கடலை அடைகிறது. நீர் அங்கே பிரிவது உண்மை. மக்கள் அங்கே பிரிந்தாரல்லர். ஆல்ப்ஸைக் கடக்கும் கணவாய்களுள் தாழ்ந்தவற்றுள் ஒன்றாதலின், அது உரோமானியர் காலந்தொட்டே வணிக வழியாக விளங்கியது. 1867இல் இருப்புப்பாதையும் அமைந்தது. இருபுறமும் ஜெர்மன் மொழியே வழங்கிற்று. இத்தாலிய மொழி தொடங்கிய இடமோ, சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கிலுள்ள சாலோர்னோ என்னும் பள்ளத்தாக்கு இடுக்கு.

அவ்வாறாயின் எல்லை ஏன் பிரென்னருக்கு வந்தது? முதல் உலகப் போரில் தம் பக்கம் சேர்வதற்கு ஈடாக, நேச நாடுகள் 1915ஆம் ஆண்டு இலண்டன் உடன்படிக்கையில் அக்கணவாயை இத்தாலிக்கு வாக்களித்தன. நீர் பிரியும் முகடே இயற்கை எல்லை என்பது முன்வைக்கப்பட்ட வாதம். 1919இல் செயின்ட் ஜெர்மன் உடன்படிக்கை அதனை உறுதி செய்தது. தென் டைரோலில் அப்போது பத்துப் பேருள் ஏறத்தாழ ஒன்பது பேர் ஜெர்மன் பேசுவோர்.

நிலத்தைக் கைக்கொண்ட பின் பெயர்களைக் கைக்கொள்ளும் பணி தொடர்ந்தது. எத்தோரே தொலொமெய் என்பார் 1916ஆம் ஆண்டிலேயே ஆயிரக்கணக்கான ஊர்ப்பெயர்களுக்கு இத்தாலிய வடிவம் தந்து ஒரு தொகுப்பு வெளியிட்டிருந்தார். அவர் கையாண்ட முறைகள் மொழியியல் மாணவர் அறிய வேண்டியவை. சில பெயர்களுக்கு இத்தாலிய ஈறு சேர்த்தார்: பிரென்னர், பிரென்னெரோ ஆயிற்று. சிலவற்றை மொழிபெயர்த்தார்: நடுக்காடு எனப் பொருள்படும் மிட்டெவால்ட், மெத்சசெல்வா ஆயிற்று. சிலவற்றுக்கு உரோமானியர் காலப் பெயரை மீட்டார்: ஸ்டெர்சிங், விப்பித்தேனோ ஆயிற்று. பாசிச ஆட்சி இப்பெயர்களையே ஆட்சிப் பெயர்களாக்கியது.

1923ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளியைத் தொட்டது. முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஜெர்மன் வழிக் கல்வி நீக்கப்பட்டது. தனிப் பாடம் சொல்லித் தருவதும் குற்றமாயிற்று. அப்போது பண்ணை வீடுகளிலும் களஞ்சியங்களிலும் மறைவாகப் பள்ளிகள் நடந்தன. நிலவறைப் பள்ளிகள் என்று அவற்றை அழைத்தனர். அவற்றில் கற்பித்த ஆங்கெலா நிக்கொலெட்டி என்னும் இளம்பெண் சிறைப்பட்டார். 1930இல், தம் இருபத்தைந்தாம் அகவையில், நோயுற்று மறைந்தார்.

போருக்குப் பின், 1946இல் ஆஸ்திரியாவும் இத்தாலியும் பாரிஸில் செய்துகொண்ட உடன்பாடு தாய்மொழிக் கல்வியை மீட்டது. ஆயினும் தன்னாட்சி முழுமையாக வரவில்லை. 1960இல் ஆஸ்திரியா இச்சிக்கலை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டு சென்றது. 1972இல் புதிய தன்னாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 19ஆம் பிரிவு, பள்ளிக் கல்வி மாணவரின் தாய்மொழியில் அமைய வேண்டும் என்பதோடு நில்லாமல், கற்பிக்கும் ஆசிரியருக்கும் அதுவே தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்கிறது. இதற்கொரு விலையும் உண்டு: ஜெர்மன் பிள்ளைகளும் இத்தாலியப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் வளர்கின்றனர்.

இக்கதையில் பலர் மறந்துவிடும் மூன்றாவது மொழி ஒன்று உண்டு. டோலமைட் மலைகளின் ஐந்து பள்ளத்தாக்குகளில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் பேசும் லடின் மொழி, இலத்தீனிலிருந்து கிளைத்தது. அம்மக்கள் அனைவரும் இத்தாலிக்குள்ளேயே உள்ளனர். எனினும் போல்சானோ, திரெந்தோ, பெல்லூனோ என மூன்று மாகாணங்களாகப் பிரிந்துள்ளனர். போல்சானோவில் ஜெர்மனும் இத்தாலியமும் சம நேரம் பயிற்றுமொழிகள். லடின் ஒரு பாடமாக உள்ளது. பெல்லூனோவில் அதற்கு அத்தகைய பள்ளி உரிமை இல்லை. 2007இல் அங்குள்ள மூன்று லடின் ஊர்களின் மக்கள் போல்சானோவுடன் சேரப் பெருவாரியாக வாக்களித்தும், மாகாண எல்லை மாறவில்லை.

நான் இதிலிருந்து கொள்ளும் முடிவு இதுவே. நாட்டெல்லை ஜெர்மன் மொழியைத் துன்புறுத்தியது. ஆனால் அழிக்க இயலவில்லை. எல்லைக்கு அப்பால் அதற்காக வழக்காட ஓர் அரசு இருந்தது. லடினுக்கு அப்படியோர் அரசு எங்கும் இல்லை. வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தோன்றும் மாகாண எல்லையே, அம்மொழிக்குப் பிரென்னர் முகட்டைவிடப் பெரிய தடையாக நிற்கிறது. அத்தகைய மொழிக்கு எஞ்சியிருப்பவை இரண்டு: வீட்டுப் பேச்சும், பள்ளிக் கால அட்டவணையில் கிடைக்கும் சில மணி நேரமும்.

ஆசிரியப் பெருமக்களே, அந்தச் சில மணி நேரத்தைச் சிறிதென்று எண்ணாதீர்கள். களஞ்சியத்தில் ஒளிந்து கற்பித்தவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை.