ஆஸ்பத்திரிக் காசைப் பற்றி நாமும் பேசுவோம்



கலஹா, புசல்லாவைப் பக்கம் நாங்கள் போகும்போது லயத்துல கேட்கிற பேச்சு இது: "காசு ஒதுக்குறது அவங்க வேலை, நமக்கென்ன?"

கண்டி, பேராதனைப் பெரியாஸ்பத்திரிகள் கொழும்பு அமைச்சின் கீழ் உள்ளவை. நாம் முதலில் ஓடுகிற பிரதேச வைத்தியசாலைகள் மத்திய மாகாணத்துக்குரியவை. 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின் ஏற்பாடு அது. அந்த மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. பிறகு வருஷக்கணக்காகத் தேர்தலே இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

பிரதேச சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்க 2018 வரை சட்டமே தடையாக இருந்தது. வோட்டு மட்டும் வாங்கினாங்க! அந்த வருஷம்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கி, திட்டப் பணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளூர் சபைகளுக்குக் கொடுத்தார்கள். எதற்குச் செலவழிப்பது என்று கிராம சபையில் சனங்களே பேசினார்கள். ஆரம்ப சுகாதார நிலையமும் பஞ்சாயத்தின் பொறுப்பில் வந்தது.

பேசினால் சண்டை வரும், வரட்டும். 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயம் வரைக்கும் பாதை வேணுமே? வைத்தியசாலைக்குப் புதுக் கட்டிடம் முதலிலா, பாதை முதலிலா? பிரசவ வலியோடு பெண்ணைத் தூக்கிட்டு இறங்கினவங்கதான் சொல்லணும், நாங்கள் அல்ல.

தலைவர்மாரே, கொழுந்து நிறுக்கிற நேரத்தில் கூட்டம் வைக்காதீங்க. பிள்ளை மடுவத்தில் கூடுவோம். பொம்பளைங்க முதலில் பேசட்டும். முடிவைத் தமிழில் எழுதி, பிரதேச சபைக்கும் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் கொடுப்போம். பிரதி ஒன்று நம்ம கையில் இருக்கணும்.