துவிச்சக்கர வண்டியில் வந்த தம்பதியர்

பெண்ணொருத்தி துவிச்சக்கர வண்டியில் ஏறிச் செல்வதையே பலர் வியந்து நோக்கிய காலமது. 1897ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்கரான வில்லியம் வேர்க்மனும் அவர் மனைவி ஃபனி புலொக் வேர்க்மனும் கீழைநாடுகளிலே துவிச்சக்கர வண்டிப் பயணத்தைத் தொடங்கினர். கணவருக்கு வயது 50, மனைவிக்கு 38. உடல்நலங் குன்றியதால் மருத்துவத் தொழிலைக் கைவிட்டவர் அக்கணவர்.

இலங்கை, இந்தியா, பர்மா, யாவா என இப்பயணத்தில் அவர்கள் மிதித்துக் கடந்தது ஏறத்தாழ 14,000 மைல். தேயிலை, சீனி, பிஸ்கோத்து, ஆளுக்கொரு போர்வை, பழுதுபார்க்குங் கருவிகள் முதலிய சிலவே அவர்கள் கொண்டுசென்ற பொதி. ஓட்டை விழுந்த ரியூப்புகளுக்கு ஒரே நாளில் 40 தடவை ஒட்டுப்போட நேர்ந்ததும் உண்டு. ஊரும் காடும் கோயிலுமாகத் தாம் கண்டவற்றை இருவரும் சேர்ந்தே எழுதி, 1904இல் நூலாக வெளியிட்டனர்.

வண்டியில் பழகிய அந்தத் தோழமை, பின்னர் இமயமலைப் பயணங்களிலும் தொடர்ந்தது. ஓராண்டு மனைவி பயண ஏற்பாடுகளைக் கவனித்தால் கணவர் ஆய்வுகளைக் கவனிப்பார். மறுமுறை பொறுப்புகள் மாறும். 1912இல் சியாச்சென் பனிப்பரப்பின் உயரத்திலே, பெண்களுக்கு வாக்குரிமை கோரும் பத்திரிகையை ஏந்தி நின்று அம்மையார் படம் பிடித்துக்கொண்டார்.

எனினும், தம் சுமைகளைத் தூக்கி வந்த கூலியாட்களைப் பற்றி அவர்கள் எழுதியவற்றில் பரிவு குறைவு, குறைகூறலே மிகுதி. தமக்குள் சமத்துவம் பேணிய இருவர், உடன் நடந்தவர்க்கு அதனை நீட்டவில்லை. அவர்களுடைய துணிவைப் போற்றுவோர் இதனையும் நினைவிற்கொள்ளல் தகும்.