கடுக்காயும் ஊதாக் கரைசலும்



கடுக்காய்த் தோலை இடித்துக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கொஞ்சம் போட்டால் கறுத்துவிடும். சாயம் காய்ச்சியவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வேலை இது. இன்று கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி, மூலிகைச் சாற்றில் இன்னொரு இரும்பு உப்பான ஃபெரிக் குளோரைடு சில சொட்டு விடுகிறார். நீலக்கறுப்பு வந்ததும் "டானின் உண்டு" என்று எழுதிக்கொள்கிறார். இரண்டும் ஒரே வேதியியல்தான். துவர்ப்பைத் தரும் டானின் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். பூந்திக்கொட்டைச் சாற்றைக் குலுக்கி, நுரை அடங்காமல் நின்றால், நுரை தரும் சபோனின் உண்டு என்பதும் இப்படித்தான்.

ஆனால், சாறு எடுக்கிற விதத்திலேயே பாதி விடை முடிவாகிவிடுகிறது. தண்ணீரும் மெத்தனாலும் டானினை நன்றாக இழுக்கும். ஹெக்சேனில் ஊறவைத்தால் எண்ணெயும் மெழுகுமே வரும். ஒரே கடுக்காய், கரைப்பான் மாறினால் வேறு சரக்கு. கொட்டையை நீக்கித் தோலை மட்டும் எடு என்று சித்த மருத்துவம் சொல்வதுபோல, ஆய்விலும் எந்தப் பாகம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது ஆன்டிஆக்சிடன்ட் சோதனை. இணையில்லாத எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறுகளை ஃப்ரீ ராடிக்கல் என்கிறோம். அவை பக்கத்தில் இருப்பதிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கப் பார்க்கும். கேட்பதைத் தானே கொடுத்து அவற்றை அடக்குவது ஆன்டிஆக்சிடன்ட். 1958-இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் இந்த அடக்கும் ஆற்றலை அளக்க ஒரு வழி சொன்னார். டி.பி.பி.எச். என்ற ராடிக்கல் பொடியை மெத்தனாலில் கரைத்தால் அடர்ந்த ஊதா நிறம். அதில் சாற்றைக் கலந்து, பொதுவாக அரைமணி நேரம் இருட்டில் வைப்பார்கள். சாற்றுக்கு ஆற்றல் இருந்தால் ஊதா மங்கி மஞ்சளாகும். எவ்வளவு மங்கியது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் கருவி அளந்து சொல்லும். வைட்டமின் சி-யோடு ஒப்பிடுவார்கள். பாதி ராடிக்கலை அடக்க எவ்வளவு சாறு வேண்டும் என்பதே கணக்கு. ஆகவே எண் குறையக் குறைய ஆற்றல் அதிகம்!

கடுக்காய் இதில் நன்றாகவே தேறும். சந்தேகமில்லை. ஆனால் சோதனைக்குழாய்க்குக் குடல் கிடையாது. பெரிய டானின் மூலக்கூறுகள் அப்படியே ரத்தத்தில் கலப்பது அரிது. குடல் நுண்ணுயிரிகள் அவற்றை உடைத்து வேறு பொருள்களாக்கிவிடுகின்றன. உடலுக்குள் போனாலும் நன்மை நிச்சயமில்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. புகழ்பெற்ற ஆன்டிஆக்சிடன்டான பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. உணவுகளுக்கு ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண் போட்டு வெளியிட்ட அமெரிக்க வேளாண் துறை, நிறுவனங்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துவதைச் சொல்லி, 2012-இல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது.

சோதனையைக் குறைசொல்ல வரவில்லை. ஆயிரம் மூலிகைகளில் எதை மேலும் ஆராயலாம் என்று சலித்தெடுக்க மலிவான, நல்ல வழி அது. ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்பட்டது என்று டப்பாவில் அச்சிட்டு யாராவது விற்றால் மட்டும், குழாயிலா மனிதரிடமா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.