தண்ணி கட்டி வெச்ச ரெண்டு நாள்

எங்க குழுவில் என்னைச் சித்தாள் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. மைக்கில் பேசிப் பழக்கமில்லை, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

11 வருஷம் கலவை சுமந்தவள் நான். அப்படியிருந்தும் என் வீட்டுப் பாத்ரூமில் ஏமாந்தேன். குழுவில் 30,000 ரூபாய் கடன் வாங்கி, பழைய தரை மேலேயே புது டைல்ஸ் ஒட்டச் சொன்னேன். பளபளன்னு இருந்தது. ஒரு மழைக்காலம் முடியறதுக்குள்ளே பக்கத்து அறைச் சுவரில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு உதிர்ந்து, சுவரோரம் வைத்த அரிசி மூட்டை பூஞ்சை பிடித்தது. அப்போது தவணை இன்னும் 14 பாக்கி.

டைல்ஸ் போட்டா தண்ணி இறங்காதுன்னு நினைக்கிறோம். டைல்ஸில் இறங்காது, சரி. ரெண்டு டைல்ஸுக்கு நடுவில் அடைக்கிற இடுக்கு வழியாக இறங்கும். தண்ணியைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியில் இருக்கிற வாட்டர் புரூஃப் பூச்சுதான்.

அந்தக் கடனை அடைத்து, மறுபடி அதே பாத்ரூமுக்குக் கடன் கேட்டு நின்றபோது கூச்சமாக இருந்தது. ஆனாலும் குழு கொடுத்தது. இந்தத் தடவை வேலை முடியும்வரை நான் பக்கத்தை விட்டு நகரவில்லை.

டைல்ஸையும் பழைய காரையையும் கொத்தி எடுத்தோம். தண்ணி போகிற ஓட்டையைப் பார்த்து வாட்டம் வைத்துத் தரை போட்டோம். தரையும் சுவரும் சேர்கிற மூலையில்தான் விரிசல் முதலில் வரும். அங்கே கலவையைச் சரிவாக வைத்து, வலைத்துணி பதித்தோம். பிறகு பவுடரும் பாலும் கலக்கிற பூச்சு. பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுப்படிதான் கலக்கணும். பூச லேசா வரட்டும்னு கொத்தனார் தண்ணி ஊற்றினா விடாதீங்க. முதல் பூச்சு நெடுக்கே, அது காய்ந்த பிறகு ரெண்டாவது குறுக்கே. சுவரில் ஒரு அடி உயரம், குளிக்கிற பக்கம் தலைக்கு மேல் வரை.

பூச்சு நன்றாகக் காய்ந்ததும் ஓட்டையைத் துணிப்பந்தால் அடைத்து, வாசலில் செங்கல் கட்டி, ரெண்டு அங்குலம் தண்ணி நிறுத்தி, சுவரில் பென்சில் கோடு போட்டேன். கொத்தனார் தம்பிக்குக் கோபம். "ரெண்டு நாள் கூலி யாருக்கா குடுப்பா? நாளைக்கே டைல்ஸ் ஒட்டிரலாம்" என்றார். ஒட்டவேண்டாம் என்றேன். ஆம்பளைங்க நாலு பேர் சிரிச்சாங்க.

மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணி கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கட்டை இறங்கியிருந்தது. வெயிலில் வற்றினால் இவ்வளவு இறங்காது. பைப்பு தரைக்குள் நுழைகிற இடத்தில் மயிரிழை இடைவெளி. அதைக் கொத்தி அடைத்து, மேலே மறுபடி ரெண்டு கை பூச்சு பூசிக் காயவிட்டு, திரும்பத் தண்ணி கட்டினோம். இந்த முறை ரெண்டு நாளும் கோட்டை விட்டு அசையவில்லை. அதற்கப்புறம்தான் டைல்ஸ். மூணு மழைக்காலம் போயிடுச்சு, அந்தச் சுவர் காய்ந்தே கிடக்கு.

இப்போ எங்க குழுவில் ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். பாத்ரூம் கடனை ரெண்டாகப் பிரித்துக் கொடுக்கிறோம். தண்ணி ரெண்டு நாள் நின்றதைப் பார்த்த பிறகே ரெண்டாவது பாதி. பார்த்துட்டு வர வேலை என்னுது. வர்ற வெள்ளிக்கிழமை மேலத்தெருவில் ஒரு தங்கை வீட்டுக்குப் போகணும்; அவ வீட்டுக்காரர் இப்பவே முறைக்கிறார்னு கேள்வி. பென்சில் பையில் இருக்கு.