நானூறு பவுண் மிச்சம்



கணக்காளர் ஒருவருக்கு மோட்டார் சைக்கிள் பிறேக்கோடு என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நான் போட்ட கணக்கு ஒன்று பிழைத்துவிட்டது. அதனால்தான் இந்தப் பேச்சு.

என் தங்கையின் மகன் லூயிஷாமில் மாலை நேரங்களில் வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான். வண்டி வாங்கப் போனபோது என்னையும் அழைத்துச் சென்றான். பாவித்த 125 சி.சி. ஸ்கூட்டர்கள் இரண்டு நின்றன. ஒன்றில் ஏ.பி.எஸ். இருந்தது, விலை 400 பவுண் கூட.

"மாமா, எதை எடுக்கிறது?" என்றான்.

"இங்கை இருபது மைலுக்கு மேல ஓட ஏலாது. மலிவானதை எடு, தம்பி" என்றேன்.

லூயிஷாம் மாநகரசபை 2016 செப்டெம்பரில் தன் வீதிகளில் 20 மைல் எல்லையைக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் நவம்பர் மழை ஒன்றில், லோம்பிற் வேலில் ஒருவர் திடீரென்று வீதிக்குள் இறங்க, இவன் முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்தான். சில்லு நின்றது, வண்டி நிற்கவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. ஏழு வாரம் வருமானம் இல்லை. நானூறு பவுண் மிச்சம் பிடித்த கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

காரின் சில்லு பூட்டிக்கொண்டால் கார் வழுக்கும். ஆனாலும் நான்கு சில்லில் நிற்கும். மோட்டார் சைக்கிளின் முன்சில்லு பூட்டிக்கொண்டால் சமநிலை போய்விடும், விழுந்தே ஆக வேண்டும். ஏ.பி.எஸ். சில்லின் வேகத்தை ஓயாமல் அளக்கிறது. சில்லு பூட்டப் போகிறது என்று கண்டால் பிறேக்கின் அழுத்தத்தைத் தளர்த்தி, மறுபடியும் பிடிக்கிறது. ஒரு விநாடிக்குள் பல தடவை இது நடக்கும். எந்தக் கையாலும் அந்த வேகத்தில் செய்ய முடியாது.

1988இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் கே100 வண்டியில் இதைப் பொருத்தியபோது கருவியின் எடை சுமார் 11 கிலோ. இன்று ஒரு கிலோவுக்கும் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒழுங்குவிதியின்படி 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மாதிரிகளுக்கு 2016இலும், புதிதாகப் பதியும் அத்தகைய வண்டிகளுக்கு 2017இலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. பிரித்தானியாவும் அதையே ஏற்றது. 125 சி.சி.யும் அதற்குக் குறைந்தவையும் என்றால், ஒரு பிடியில் இரண்டு சில்லையும் பிடிக்கும் இணைந்த பிறேக் போதும். இந்தியாவும் 2018, 2019இல் இதே கோட்டைத்தான் போட்டது. இணைந்த பிறேக் நல்லதுதான். ஆனால் சில்லு பூட்டுவதை அது தடுக்காது.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. இந்த நாட்டில் 17 வயதில், சி.பி.ரி. என்ற அடிப்படைப் பயிற்சியை முடித்து, எல் பலகையோடு ஓட அனுமதிக்கப்படுவது இந்த 125 வண்டிதான். அனுபவம் மிகக் குறைந்தவருக்கே சட்டம் விலக்குக் கொடுக்கிறது.

பலன் உண்டா? அமெரிக்காவில் ஏ.பி.எஸ். கட்டாயமில்லை. ஆகவே ஒரே மாதிரி வண்டியை அதோடும் அது இல்லாமலும் ஒப்பிடலாம். அப்படி ஒப்பிட்ட நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம், உயிர் போகும் விபத்துகள் ஏ.பி.எஸ். உள்ளவற்றில் 22 சதவீதம் குறைவு என்று கண்டது. ஏ.பி.எஸ். கேட்டு வாங்குபவர் இயல்பிலேயே கவனமானவராக இருக்கலாம் என்று நாம் கொஞ்சம் கழித்தாலும், மீதி சிறிய தொகையல்ல.

இது மந்திரமும் அல்ல. சரளைக் கல்லில் நிற்கும் தூரம் கூடலாம். வளைவில் சரிந்து ஓடும்போது சாதாரண ஏ.பி.எஸ். முழுப் பாதுகாப்புத் தராது. பிடிக்கும்போது கைப்பிடி துடிக்கும். பயந்து விட்டுவிடக் கூடாது. வண்டி புறப்பட்ட பின்னும் அதன் எச்சரிக்கை விளக்கு அணையாவிட்டால், திருத்துபவரிடம் காட்டுங்கள்.

மருமகன் இப்போது ஏ.பி.எஸ். உள்ள வண்டிதான் ஓடுகிறான். இம்முறை நானூறு பவுணை நானே கொடுத்தேன். உங்கள் பிள்ளை வண்டி கேட்டால், விலையைப் பார்க்கும் முன் பிறேக்கைப் பாருங்கள்.