ஆடட்டும், முறை வைத்து ஆடட்டும்!

நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் எங்க பிள்ளைகளைப் போட்டு வறுத்தெடுத்த எதிரணிப் பெருமக்களே! இந்தக் குளிரிலே தலைக்கு மப்ளர் கட்டிக்கிட்டு, போர்வைக்குள்ளே பேரப்பிள்ளையையும் சேர்த்துப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கிற பண்ணைக்காட்டுத் தாய்மார்களே, பெரியோர்களே!

தலைப்பு என்ன? 'கம்ப்யூட்டர் விளையாட்டு பிள்ளைகளை வளர்க்கிறதா, கெடுக்கிறதா?' எதிரணித் தலைவர் வந்தார். சுடுறான், குத்துறான், காரைக் கொண்டுபோய் மோதுறான்னார். அடுத்து அம்மையார் வந்தாங்க. ரம்மி ஆடிப் பணம் போச்சு, நகை போச்சு, குடும்பமே போச்சுன்னாங்க. கேட்டுக்கிட்டிருந்த எனக்கே வயிறு கலங்கிப் போச்சு.

அம்மா, அதுலே எனக்கும் உங்களுக்கும் சண்டையே கிடையாது. காசு வெச்சு ஆடுறது சூதாட்டம். செல்போனுக்குள்ளே வந்துட்டதனாலே அது விளையாட்டு ஆயிடாது. தமிழ்நாடு அரசு 2022-லே அதுக்குன்னே ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டிலே நாடாளுமன்றமே நாடு முழுமைக்கும் சேர்த்துச் சட்டம் போட்டு, இணையத்திலே பணம் கட்டி ஆடுற ஆட்டத்தைத் தடை பண்ணியாச்சு. தருமன் ஆடின ஆட்டத்தை இந்த மேடையிலே எவனும் ஆதரிக்க மாட்டான். (கைதட்டல்)

ஆனா ஒரு இலை புழுத்திருந்தா மரத்தையே வெட்டுவீங்களா? நான் பேச வந்தது வேற ஒரு சாதி ஆட்டம். முறை வைத்து ஆடும் ஆட்டம். நீ ஒரு காய் நகர்த்துறே. எதிராளி ஒரு காய் நகர்த்துறான். மறுபடி நீ. நடுவிலே எவ்வளவு நேரம் வேணும்னாலும் யோசிக்கலாம். இது என்ன சீமையிலேயிருந்து வந்த சங்கதியா? இந்த மலையிலே மாடு மேய்க்கப் போனவங்க பாறையிலே கோடு கீறி ஆடினாங்களே, ஆடுபுலி ஆட்டம், அதுதானே? மூணு புலி, பதினஞ்சு ஆடு, இருபத்து மூணு முனை. புலி தாண்டித் தாண்டி ஆட்டை வெட்டும். ஆடு என்ன செய்யும்? ஒண்ணுக்குப் பின்னாலே ஒண்ணு நின்னு, புலியை நகர விடாமக் கட்டிப் போட்டுடும். பலமுள்ளவனைப் பலமில்லாதவன் கூட்டமா நின்னு ஜெயிக்கிற கணக்கு, அய்யா அது!

சதுரங்கத்துக்குக் கை தட்டுறோம். 2022-லே மாமல்லபுரத்திலே உலகமே வந்து செஸ் ஒலிம்பியாட் ஆடினப்போ மாரு தட்டினோம். 2024 டிசம்பரிலே சிங்கப்பூரிலே பதினெட்டு வயசு குகேஷ் உலக சாம்பியன் ஆனப்போ, 'எங்க ஊர்ப் பிள்ளை'ன்னு மிட்டாய் கொடுத்தோம். அதே சதுரங்கத்தோட பங்காளி கம்ப்யூட்டருக்குள்ளே வந்து உக்காந்தா மட்டும், 'உருப்படாம போறான்'னு சொன்னா எப்படிங்க நியாயம்?

இதுலே தாய்மார்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. சுடுற ஆட்டம் ஆடுற பையனை, 'டேய், கடைக்குப் போய் அரை கிலோ சீனி வாங்கிட்டு வா'ன்னு கூப்பிட்டுப் பாருங்க. 'இரும்மா, இப்ப எழுந்தா செத்துருவேன்'னு கத்துவான். (சிரிப்பு) முறை வைத்து ஆடுறவன் எழுந்து போவான். சீனி வாங்குவான். வழியிலே நாலு பேரோட பேசுவான். திரும்பி வந்தா, எதிரிப்படை நின்ன இடத்திலேயே நிக்கும், அவன் முறைக்காக! கரண்டு போனாலும் கவலையில்லை. இந்த மலையிலே காத்தும் மழையும் அடிச்சா கரண்டு எப்ப வரும்னு உங்களுக்கா நான் சொல்லணும்?

இன்னொண்ணும் சொல்றேன். உங்களைவிடப் பெரிய முறை ஆட்டக்காரன் எவன் இருக்கான்? காப்பிச் செடியை வெக்கிறீங்க. காய் காண மூணு நாலு வருஷம். நிழலுக்கு மரம், மரத்திலே மிளகுக்கொடி, நடுவிலே மலைவாழை, ஓரத்திலே ஆரஞ்சு. ஒண்ணு கைவிட்டா ஒண்ணு காப்பாத்தும்னு காயைப் பரப்பி வெச்சிருக்கீங்க. உங்க முறை முடிஞ்சது. அடுத்து வானத்தோட முறை. பங்குனியிலே மழை வருமா, பூ நிக்குமா? அது ஒரு காய் நகர்த்தும். அப்புறம் காட்டுமாடு வேலியைத் தாண்டி வரும், அது ஒரு காய். வாழையிலே முடிக்கொத்து நோய் வந்தப்போ இந்தப் பழனி மலைத் தோட்டங்கள் என்ன பாடு பட்டதுன்னு பெரியவங்களுக்குத் தெரியும். அன்னைக்கு வாழையை மட்டும் நம்பினவன் என்ன ஆனான், நாலையும் நட்டவன் என்ன ஆனான்? இதைத்தானே அந்தப் பெட்டிக்குள்ளே உங்க பிள்ளை ஆடுறான்!

சாயங்காலம் மேடைக்குப் பின்னாலே டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். பதினொண்ணாவது படிக்கிற ஒரு தம்பி வந்தான். 'ஐயா, நீங்களும் இந்த ஆட்டமெல்லாம் ஆடுவீங்கன்னு சொன்னாங்க. நான் சிவிலைசேஷன் ஆறாம் பாகம் ஆடி முடிச்சுட்டேன். அடுத்து என்ன ஆடலாம்?'னு கேட்டான். பின்னாலேயே அவங்க அப்பா. 'சார், அடுத்ததுன்னு எதுவுமே வேணாம்னு சொல்லி அனுப்புங்க. வீட்டிலே நானும் அவனும் பேசியே ரெண்டு மாசம் ஆச்சு'ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா அந்தச் சிரிப்பிலே சத்து இல்லை. அங்கே பதில் சொல்ல நேரம் இல்லை. ரெண்டு பேரும் இங்கேதான் இருக்காங்க, இப்ப சொல்றேன்.

தம்பி! சிவிலைசேஷன் ஆடுறவன் வஞ்சிப் பூ சூடுற ஆளு. தமிழன் போரைப் பூவாலே பிரிச்சான். மாடு கவரப் போனா வெட்சி, மண்ணைக் கொள்ளப் படையெடுத்தா வஞ்சி, கோட்டையைக் காத்து நின்னா நொச்சி. சிட் மையர் 1991-லே கொண்டுவந்த அந்த ஆட்டம், கி.மு. 4000-லே ஒரு சின்ன ஊரிலே தொடங்கி, விண்வெளி வரைக்கும் போகும். அதுலே நம்ம காந்தித் தாத்தா அணுகுண்டை வெச்சுக்கிட்டு மிரட்டுவார்! (சிரிப்பு) முதல் பாகத்திலே நடந்த கணக்குப் பிழைதான் காரணம்னு ஊரெல்லாம் ஒரு கதை. அப்படி ஒரு பிழையே கிடையாதுன்னு சிட் மையர் 2020-லே தன் வாழ்க்கைக் கதையிலே எழுதிட்டார். பிற்பாடு வந்த பாகத்திலே வேணும்னே வேடிக்கைக்காக வெச்சதுதான் நிஜம். பாருங்க, வதந்திக்கு அங்கேயும் கால் முளைக்குது.

2025 பிப்ரவரியிலே ஏழாம் பாகம் வந்தது. அதிலே சோழர் இருக்காங்க. கப்பலுக்குப் பேரு 'கலம்'. கட்டடங்களுக்குப் பேரு மணிக்கிராமம், அஞ்சுவண்ணம். தமிழ் வாத்தியார் நான், கல்வெட்டு வகுப்பிலே இந்த வணிகக் குழுக்கள் பேரைச் சொன்னா மாணவன் கொட்டாவி விடுவான். பெட்டிக்குள்ளே வந்ததும், 'ஐயா, அஞ்சுவண்ணம்னா என்ன?'ன்னு தேடிக்கிட்டு வர்றான்! (கைதட்டல்) ஆனாலும் தம்பி, அதை உடனே வாங்காதே. வந்த புதுசிலே அதுலே ஆட்டத்து நடுவிலே நாட்டையே மாத்திக்கணும். பழைய ரசிகர்கள் பல பேருக்கு அது பிடிக்கலை. புதுக் கம்ப்யூட்டரும் கேக்கும். அப்பா மடியிலே கனம் வெக்காதே.

உனக்கு நான் முதல்லே சொல்றது 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்'. 2003-லே டேவிட் ஒயிட்டுங்கிறவர் தொடங்கினது. உலகம் பூரா தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்தது. காலணா கிடையாது, இனாம். பழைய லேப்டாப்பிலேயே ஓடும். ஒரு தடவை இறக்கிக்கிட்டா இணையமும் வேணாம். அதோட அழகு எங்கே இருக்குன்னா, முதற்பொருள் என்னன்னு பள்ளிக்கூடத்திலே படிச்சோமே, நிலமும் பொழுதும், அங்கேதான் இருக்கு. மலைக்குள்ளர் மலையிலே நின்னா அடிக்கவே முடியாது. காட்டு வில்லாளி மரத்துக்குள்ளே இருந்தா அம்பு படாது. சமவெளியிலே பறக்கிற குதிரை வீரனுக்கு மலை ஆகாது. பொழுது? விடியல், காலை, பிற்பகல், அந்தி, முன்னிரவு, பின்னிரவுன்னு ஆறு. ஒவ்வொரு முறைக்கும் ஒரு பொழுது நகரும். நம்ம சிறுபொழுதும் ஆறு! பகலிலே சிலருக்குக் கால்பங்கு பலம் கூடும், ராத்திரியிலே குறையும். சிலருக்கு நேர்மாறு. வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல்னு 48, 49, 50-ஆம் அதிகாரங்களை வரிசையா ஏன் வெச்சார்னு முப்பது வருஷமா வகுப்பிலே விளக்குறேன். இந்த ஆட்டத்திலே ராத்திரி நேரத்திலே தப்பான ஆளைத் தப்பான இடத்திலே நிறுத்தினா, பத்தே நிமிஷத்திலே விளங்கிரும். அந்த ஒயிட்டு குறள் படிச்சிருப்பார்னு நான் சொல்லலை. பொருள் ஒண்ணுதான்னு சொல்றேன்.

பரீட்சைக் காலமா? நேரம் இல்லையா? நொச்சிப் பூ சூடு. 2018-லே வந்த 'இன்டு தி பிரீச்'. செஸ் மாதிரியே எட்டுக்கு எட்டுக் கட்டம். உன் பக்கம் மூணே பேர். எதிரே பூதாகாரமான பூச்சிக் கூட்டம். எந்தப் பூச்சி அடுத்து எங்கே அடிக்கும்னு முன்கூட்டியே காட்டிரும். ஒளிவு மறைவே கிடையாது. நீ கொல்ல வேண்டியது கூட இல்லை, ஒரு கட்டம் தள்ளி விட்டாப் போதும், ஒண்ணை ஒண்ணே அடிச்சுக்கும். ஜனங்க இருக்கிற வீடுகளைக் காக்கணும், அதுதான் கணக்கு. ஒரு சண்டை பெரும்பாலும் அஞ்சு முறையிலே முடிஞ்சிரும். சோறு வேகிற நேரம்.

வெட்சியும் இருக்கு. 2012-லே புதுசாக்கின 'எக்ஸ்காம்'. போய், காரியத்தை முடிச்சு, உயிரோட திரும்பணும். செத்த வீரன் செத்தவன்தான். எண்பத்தஞ்சு சதவீதம் குண்டு படும்னு போட்டிருக்கும், படாது. மழை அறிக்கை மாதிரி! (சிரிப்பு) நல்ல ஆட்டம், ஆனா ரத்தம் தெறிக்கும். தம்பி, உனக்கு இப்ப வேணாம். காலேஜ் போனப்புறம் ஆடு.

இப்ப அப்பாவுக்கு. அய்யா, இந்த ஆட்டத்திலே ஒரு விஷம் உண்டு. 'இன்னும் ஒரே ஒரு முறை'ன்னு ஆரம்பிச்சா கோழி கூவிரும். எனக்குத் தெரியாதுங்களா? அதனாலே பெரிய ஆட்டம் லீவு நாளிலே. பள்ளிக்கூட நாளிலே சின்ன ஆட்டம், அதுவும் பாடம் முடிச்ச பிறகு. அதை நீங்க கண்டிப்பாச் சொல்லலாம். ஆனா லேப்டாப்பைப் பூட்டி வெக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் அவன் பக்கத்திலே போய் உக்காருங்க. 'ஏண்டா அந்த ஆளை அங்கே நிறுத்தினே?'ன்னு ஒரு கேள்வி கேளுங்க. அவன் சொல்லுவான் பாருங்க, மூச்சு விடாமச் சொல்லுவான்! ரெண்டு மாசம் பேசாத பிள்ளை. வெஸ்நாத்திலே ஒரே கம்ப்யூட்டரிலே ரெண்டு பேர் மாறி மாறி உக்காந்து ஆடலாம். 1999-லே வந்த 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்' மூணாம் பாகமும் அப்படித்தான். அவன் ஆடுறப்போ நீங்க எழுந்து போய்க் காப்பிப்பழம் காயுதான்னு பாத்துட்டு வரலாம். மலையிலே எந்த இடத்திலே நின்னா சாதகம்னு அவனுக்குக் கட்டம் போட்டுத்தான் தெரியும், உங்களுக்குக் கால் போட்டே தெரியும். நீங்க தோக்க மாட்டீங்க.

எதிரணி அம்மையார் கடைசியா ஒண்ணு கேட்டாங்க. 'தோத்துத் தோத்துப் பையன் மனசு ஒடிஞ்சு போயிராதா?'ன்னாங்க. அம்மா, அந்த மூணு பேர் ஆட்டத்திலே தோத்துப் போனா என்ன ஆகும் தெரியுமா? உயிரோட மிஞ்சினவங்களிலே ஒரே ஒருத்தனை அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாம். அவன் கத்துக்கிட்ட வித்தை அவனோடயே வரும். போன வாரம் நான் நாலாவது தடவையாத் தோத்தேன். எவனைக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணவே கால் மணி நேரம் ஆச்சு. எங்க வீட்டம்மா பின்னாலே நின்னு, 'அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போங்க, அவதான் வேலை செஞ்சா'ன்னாங்க. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் மணி அடிச்சுட்டார். என் முறை முடிஞ்சுது. அடுத்து எதிரணியோட முறை, எவ்வளவு நேரம் வேணும்னாலும் யோசிக்கட்டும்.